பொருள் தெரிந்த பிள்ளை ஏன் தவறான சொல்லைத் தெரிவு செய்கிறான்?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: மகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். ஒரு சொல்லைச் சொல்லிப் பொருள் கேட்டால் மணிமணியாகச் சொல்கிறான். அதே சொல்லை நான்கு தெரிவுகளில் ஒன்றாக வைத்து, வாக்கியத்தில் கோடிட்டுக் கேட்டால் தடுமாறுகிறான். நானூறு சொற்களுக்குப் பொருள் எழுதி மனனம் செய்ய வைத்தும் பயனில்லை. பத்துக் கேள்விகளில் நான்கு தப்பு. பயிற்சித் தாளையும் படம் எடுத்து அனுப்பி, என்ன செய்யலாம் என்கிறார்.

அம்மா, முதலில் அந்த நானூறு சொல் நோட்டுப் புத்தகத்தை மூடி அலமாரியில் வையுங்கள். உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. 'கண்டித்தல் = திட்டுதல்', 'இறத்தல் = சாதல்' என்று நடுவில் ஒரு சமக்குறி போட்டு எழுதியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். முப்பது ஆண்டுகள் வகுப்பில் நானும் கரும்பலகையில் அப்படித்தான் எழுதினேன். பிள்ளையைக் கவிழ்ப்பது அந்தச் சமக்குறிதான். இரண்டு சொல்லும் ஒன்று என்று அவன் நம்பிவிடுகிறான். கேள்வித்தாளோ, அவை இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று கேட்கிறது.

மகனுக்குத் திறமை இல்லை என்று நினைக்காதீர்கள். இன்று இரவு இந்த வாக்கியத்தை அவனிடம் வாசித்துக் காட்டுங்கள்: "வெள்ளியன்று வெள்ளி ரதம் பார்க்கப் போனபோது என் சட்டைப்பையில் ஐந்து வெள்ளிதான் இருந்தது." ஒரே சொல் மூன்று முறை வருகிறது. முதலாவது கிழமை, இரண்டாவது உலோகம், மூன்றாவது நம் ஊர்ப் பணமான ரிங்கிட். அவன் ஒரு நொடிகூடத் தயங்கமாட்டான். தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்குத் தெருவிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகும் ரதத்தைப் பார்த்த பிள்ளைக்கு இதில் என்ன குழப்பம்? 'அன்று' என்ற ஒட்டும், 'ரதம்' என்ற பக்கத்துச் சொல்லும், 'ஐந்து', 'சட்டைப்பை' என்பவையும் பொருளைக் கையில் கொடுத்துவிடுகின்றன. யாரும் அவனுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. காதால் கேட்கும்போது முழு வாக்கியத்தையும் வாங்கிக்கொள்கிறான். தாளில் கோட்டைப் பார்த்தவுடன் மட்டும் அந்தக் கோட்டுக்குள்ளேயே எட்டிப் பார்க்கிறான்; அங்கே ஒன்றும் இல்லை.

நீங்கள் அனுப்பிய தாளில் மூன்றாம் கேள்வி இதற்கு நல்ல சாட்சி. "நண்பன் பரிசு பெற்றதைக் கண்டு அமுதன் ______, ஆனாலும் அதை வெளிக்காட்டாமல் கைகுலுக்கி வாழ்த்தினான்." தெரிவுகள்: மகிழ்ந்தான், பொறாமைப்பட்டான், வியந்தான், சிரித்தான். மகன் 'மகிழ்ந்தான்' என்று வட்டமிட்டிருக்கிறான். பரிசு என்றதும் மகிழ்ச்சி. அதோடு அவன் வாசிப்பு நின்றுவிட்டது. கோட்டுக்குப் பின்னால் 'ஆனாலும்' இருக்கிறது, 'வெளிக்காட்டாமல்' இருக்கிறது. மகிழ்ச்சியை ஏன் மறைக்க வேண்டும்? தமிழ் வாக்கியம் முக்கியமான செய்தியைக் கடைசிவரை மடியில் கட்டிவைத்திருக்கும். வினை அங்கேதான் வரும். பாதியில் தீர்ப்புச் சொல்கிறவனை அது ஏமாற்றிவிடும். 'ஆனாலும்', 'ஆயினும்', 'எனினும்' வந்தால் முன்னும் பின்னும் முட்டிக்கொள்ளும் என்று பொருள். 'எனவே', 'ஆகவே' வந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கும். 'ஒருபோதும்', 'சற்றும்' வந்தால் எதிர்மறை வினையைத் தேட வேண்டும். 'ஒருபோதும் பொய் சொல்வான்' என்று எவரும் பேசுவதில்லை. இந்தச் சின்னச் சொற்களை நம் பிள்ளைகள் தூசி போலத் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

இந்த விஷயம் புதிதன்று. பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருளை எப்படித் தெளிவது என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே கேட்டுப் பதிலும் சொல்லியிருக்கிறது: வினையால் தெளியலாம், இனத்தால் தெளியலாம், சார்பால் தெளியலாம். உரைகாரர்கள் 'மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். மா பூத்தது என்றால் மாமரம், மா ஓடியது என்றால் விலங்கு; அது வினை. மாவும் மருதும் ஓங்கின என்றால், பக்கத்தில் மருதமரம் நிற்பதால் இதுவும் மரம், அது இனம். கவசம் பூண்டு நிற்கிறவன் 'மா கொண்டு வா' என்றால் குதிரை, அது சார்பு. இன்றைக்குப் பயிற்சிப் புத்தகங்கள் 'சூழல் துணை' என்று பத்துப் பக்கம் எழுதுவதை மூன்று சொற்களில் முடித்துவிட்டார்கள். பிள்ளைக்கு இந்த மூன்றையும் சொல்லிக் கொடுங்கள். அதற்கு மேல் கோட்பாடு தேவையில்லை.

இதில் சார்புதான் கடினம். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டில் பிரத்தியேக வகுப்பு நடத்திய காலத்தில், ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு சிறுமி வருவாள். கெட்டிக்காரி. அவளுக்கு நான் எழுதிக் கொடுத்த வாக்கியம்: "மழை வந்ததும் அம்மா ஓடிப்போய்க் கொடியில் இருந்தவற்றை ______." தெரிவுகள்: பறித்தார், கொய்தார், இறக்கினார், எடுத்தார். வேண்டுமென்றே பின்னியிருந்தேன். கொடி செடிவகையானால் பறிக்கலாம், கொய்யலாம். கொடிமரத்துக் கொடியானால் இறக்கலாம். துணி காயப்போடும் கொடியானால் எடுக்கலாம். அவள் 'பறித்தார்' என்று எழுதினாள்.

"மழை வந்தால் காய் பறிக்க யாராவது ஓடுவார்களா?" என்று கேட்டேன்.

"பூவாக இருக்கலாம், சார். மழையில் உதிர்ந்துவிடுமே" என்றாள்.

பதில் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மெல்ல விசாரித்தபோது தெரிந்தது: அவள் இருப்பது பதினான்காவது மாடி. துணி காய்வது ஜன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கழியில். கயிறு கட்டித் துணி உலர்த்தும் கொடியை அவள் கண்டதே இல்லை. 'கொடி' என்றால் அவளுக்குத் தேசியக் கொடி. அடுத்தபடி அறிவியல் பாடத்தில் வரும் படரும் கொடி. வாக்கியத்தில் குறிப்புகள் எல்லாம் இருந்தன. அவற்றைப் பற்றிக்கொள்ள வாழ்க்கையில் ஒரு கயிறு இல்லை. அன்று பாடத்தை நிறுத்திவிட்டு, கொல்லைப்புறம் அழைத்துப்போய் எங்கள் வீட்டுக் கொடியைக் காட்டினேன். திரும்பி வந்ததும் அவளே கேட்டாள்: "அப்படியானால் கொடிமலை என்பது எந்தக் கொடி, சார்?" ஆண்டுக்கு இரண்டு முறையாவது அந்த மலை ரயிலில் ஏறுகிற பிள்ளை, அதுவரை செடி கொடி நிறைந்த மலை என்று நினைத்திருக்கிறாள். மலாயில் புக்கிட் பெண்டேரா என்கிறோமே, பெண்டேரா என்றால் என்ன என்று கேட்டேன். கண்கள் விரிந்தன. உச்சியில் கொடிக்கம்பம் இருந்ததால் வந்த பெயர் அது. ஒரு மொழியில் மங்கலாக இருப்பதை இன்னொரு மொழி துலக்கிவிடும். மூன்று மொழி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது ஒரு கொடுப்பினை.

அடுத்து, தமிழுக்கே உரிய ஒரு குறிப்பு. மகன் இதைக் கவனிப்பதே இல்லை என்பது ஐந்தாம் கேள்வியில் தெரிகிறது. "பாட்டி பேரனைக் ______." தெரிவுகள்: ஏசினார், அதட்டினார், கண்டித்தார், திட்டினார். 'ஏசினார்' என்று போட்டிருக்கிறான். வீட்டில் அதைத்தான் கேட்கிறான் போலிருக்கிறது, பாவம். நான்கும் ஏறக்குறைய ஒரே காரியம். பொருளை மட்டும் வைத்து இதற்கு விடை காண முடியாது. ஆனால் 'பேரனை' அன்று, 'பேரனைக்' என்று அச்சாகியிருக்கிறது. அந்த 'க்' எங்கிருந்து வந்தது? இரண்டாம் வேற்றுமை உருபான ஐகாரத்தின் பின் க, ச, த, ப என்ற எழுத்தில் தொடங்கும் சொல் வந்தால், அந்த எழுத்தின் ஒற்று மிகும். 'பேரனைத் திட்டினார்', 'பேரனை ஏசினார்', 'பேரனை அதட்டினார்'. 'க்' இருப்பதால் கோட்டில் வரப்போவது ககரத்தில்தான் தொடங்கும்: கண்டித்தார். அதேபோல் 'பள்ளிக்குச் ______' என்றால் சென்றான். போனான் என்றால் 'பள்ளிக்குப்' என்று இருக்க வேண்டும். 'ஓர் ______ மரத்தில் தாவியது' என்று கேட்டு குரங்கு, மந்தி, அணில் என்று கொடுத்தால், உயிரெழுத்தில் தொடங்கும் அணில்தான். வினைமுற்றும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும்; 'மேய்ந்தன' என்று முடிந்தால் எழுவாய் பன்மை அஃறிணை, வேறு பேச்சில்லை.

ஆனால் இதை ஒரே பிடியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஒற்று இருந்தால் நம்பலாம். இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பயிற்சிப் புத்தகம் தயாரிக்கிறவர்கள் பலர் ஒற்றை விழுங்கிவிடுகிறார்கள். சிலர் குறிப்புக் கிடைத்துவிடக் கூடாதென்று தெரிந்தே எடுத்துவிடுகிறார்கள், அது வேறு வகை.

எட்டாம் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. "இடி விழுந்ததில் வாசலில் நின்ற தென்னை மரம் ______." இறந்தது, கெட்டுப்போனது, பழுதடைந்தது, பட்டுப்போனது. மகன் 'இறந்தது' என்கிறான். உயிருள்ளது உயிர் விட்டால் இறந்தது என்றுதானே உங்கள் நோட்டுப் புத்தகம் சொல்கிறது? அந்தச் சமக்குறியின் வேலை. தமிழில் மரம் இறப்பதில்லை, பட்டுப்போகிறது. விளக்கு அணைகிறது. பயிர் கருகுகிறது. பால் திரிகிறது. கார் பழுதடைகிறது. பெரியவர்கள் காலமாகிறார்கள், நாய் காலமானது என்று எழுதினால் வகுப்பே சிரிக்கும். உடைவதிலும் அப்படித்தான்: கிளை முறியும், கயிறு அறும், துணி கிழியும், சுவர் இடியும், கண்ணாடி உடையும். நம் வீடுகளிலோ எல்லாவற்றுக்கும் ஒரே மலாய்ச் சொல்லாகிவிட்டது: ரோசாக். கார் ரோசாக், கைப்பேசி ரோசாக், குழாய் ரோசாக். மலாயில் வேறு சொல் இல்லாமல் போகவில்லை. நாம் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். ஒரே சொல்லால் எல்லாச் சேதத்தையும் சொல்லிப் பழகிய நாக்கு, முறிந்ததா அறுந்ததா என்று நின்று யோசிக்காது. பள்ளியில் இதை மரபு என்ற தலைப்பில் பட்டியலாகப் போடுகிறார்கள். யானை பிளிறும், மயில் அகவும், கூடை முடைவார்கள், பானை வனைவார்கள். பட்டியல் தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடும். வீட்டில் குழாய்க் கைப்பிடி கழன்று வந்தால் 'கழன்றுவிட்டது' என்று நீங்கள் சொன்னால் போதும்.

ஆகவே நோட்டுப் புத்தகத்தை வேண்டுமானால் மறுபடி திறக்கலாம், சமக்குறி இல்லாமல். தனிச்சொல்லாக எழுதாமல் துணையோடு எழுதச் சொல்லுங்கள்: 'முறிந்தது' என்று வேண்டாம், 'புயலில் கிளை முறிந்தது' என்று. அகராதி வாங்குவதாக இருந்தால் 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைச் சொல்வேன். பொருளோடு, சொல் எப்படி வாக்கியத்தில் வருகிறது என்பதற்கு எடுத்துக்காட்டும் தருகிறது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குச் சற்றுப் பெரியதுதான். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

பயிற்சி செய்யும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். கேள்வியை வாசிக்கும்போது தெரிவுகளை அடிக்கோலால் மூடச் சொல்லுங்கள். முழு வாக்கியத்தையும் வாய்விட்டு வாசித்து, கோடு வரும் இடத்தில் தனக்குத் தோன்றும் சொல்லைத் தானே போட்டுப் பார்க்கட்டும். அது சின்னச் சொல்லாக இருக்கலாம், தவறான தமிழாகக்கூட இருக்கலாம். பிறகு அடிக்கோலை நகர்த்தி, தன் சொல்லுக்கு நெருங்கியது எது என்று தேடட்டும். தெரிவுகளை முதலிலேயே பார்த்துவிட்டால் நான்கும் மாறிமாறிக் கூப்பிடும். அதிலும் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு, இருப்பதிலேயே அறியாத, கடினமான சொல்லைப் பார்த்து 'இதுதான் விடையாக இருக்கும்' என்று போய் விழுவார்கள். வட்டமிட்ட பிறகு 'இது ஏன் சரி?' என்று கேட்காதீர்கள். 'மற்ற மூன்றும் ஏன் ஆகாது?' என்று கேளுங்கள். வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லையாவது விரலால் தொட்டுக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும். தொட்டுக் காட்ட முடியவில்லை என்றால் அது ஊகம்.

வீட்டுக்குப் பத்திரிகை வருகிறதா? மலேசிய நண்பனோ மக்கள் ஓசையோ எதுவானாலும் சரி. ஒரு செய்தியின் முதல் மூன்று வாக்கியங்களில் ஆளுக்கொரு சொல்லைக் காகிதத் துண்டால் மறைத்து மற்றவரைக் கேட்கலாம். ஒரே நிபந்தனை: மறைக்கும் சொல்லைத் தெரிந்து மறையுங்கள். '______ நேற்று பினாங்கு வந்தார்' என்று பெயரை மறைத்தால் யார் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். வினையை மறையுங்கள், இணைப்புச் சொல்லை மறையுங்கள். அவன் உங்களுக்குக் கேள்வி தயாரிக்கட்டும். நல்ல தெரிவுகளை உருவாக்கத் தெரிந்தவன் மோசமான தெரிவுகளில் மாட்டமாட்டான். இதே பழக்கம் மலாய்த் தாளிலும் கைகொடுக்கும். 'செஎக்கோர்' என்று கோட்டுக்கு முன்னால் இருந்தால் பின்னால் வருவது விலங்கு, 'செஹெலாய்' என்றால் தாள், துணி போன்ற மெல்லிய பொருள். அங்கே எண்ணோடு ஒட்டிய சொல் செய்யும் வேலையை இங்கே ஒற்றும் வினைமுற்றும் செய்கின்றன.

ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள், இனி இதெல்லாம் எதற்கு என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். தேர்வு போனாலும் கருத்துணர் கேள்விகள் இடைநிலைப்பள்ளியில் இன்னும் நீண்டு வரும். அங்கே கோடுகூட இருக்காது. தெரியாத சொல் பத்திக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

மிச்சம் இருப்பது பத்தாம் கேள்வி. "அப்பா விடியற்காலையில் பால் ______ச் சென்றார்." தெரிவுகள்: வாங்க, வெட்ட, காய்ச்ச, கறக்க. விடைப்பட்டியல் 'கறக்க' என்கிறது. மகன் 'வாங்க' என்று எழுதித் தப்பு வாங்கியிருக்கிறான். இங்கே ஒற்று உதவாது, நான்கில் எதைப் போட்டாலும் பின்னால் 'ச்' வரும். காய்ச்சுவதற்கு எங்கேயும் போக வேண்டியதில்லை, அதைத் தள்ளிவிடலாம். மற்ற மூன்று? பட்டர்வொர்த்தில் காலையில் பால் வேண்டுமென்றால் அப்பா கடைக்குப் போய் வாங்குவார். மாடு வளர்க்கும் வீட்டில் கறக்கப் போவார். நான் பிறந்த தோட்டத்திலோ என் அப்பா இருபது ஆண்டுகள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பால் வெட்டத்தான் போனார். ரப்பர்ப் பாலை அப்படித்தான் சொல்வோம். என் வகுப்பில் ஒரு பையன் 'பாலை எப்படி சார் வெட்டுவது?' என்று சிரித்தான். அவன் தாத்தாவும் பால் வெட்டியவர்தான்.

வினையால் பொருள் பிரியாத இடத்தில் சொல்லுகிறவரே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பதும் தொல்காப்பியத்தின் அதே பகுதியில் இருக்கிறது. 'மா வீழ்ந்தது' என்றால் மரமா விலங்கா என்று கேட்பவனுக்கு எப்படித் தெரியும்? மாமரம் வீழ்ந்தது என்று சொல்ல வேண்டியது சொல்பவன் கடமை. இந்தக் கேள்வியில் 'தொழுவத்துக்கு' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் விடை ஒன்றாகியிருக்கும். சேர்க்கவில்லை. மகன் எழுதியது பிழையன்று. நாளைக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், வகுப்பாசிரியரிடம் பணிவாக இந்தக் காரணத்தைச் சொல்லி, அந்த ஒரு மதிப்பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது மகனும் பக்கத்தில் இருக்கட்டும். காரணத்தை அவனே சொன்னால் இன்னும் நல்லது.